உதவிசெய்யப் பணமில்லை, ஜெபித்தால் மட்டும் போதுமா?

நண்பரின் அம்மாவுக்குப் புற்றுநோய், கொடுத்து உதவக் கையில் பணமில்லை, ஜெபம் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், வீட்டுக்கும் அனுப்ப வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பணத்தை விடுங்கள். மற்றவர்கள் யாருக்காக ஜெபித்தார்களோ, அந்த வீட்டில் இருந்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

2018இல் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். பாளையங்கோட்டையில் அப்பாவும் நானும் மட்டும்தான். திங்கள், புதன், வெள்ளி லீவு போட்டால் எந்த முதலாளி பொறுப்பார்? சபையில் வாரா வாரம் ஜெபக்குறிப்பில் அப்பா பெயரை வாசிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பத்துப் பேராவது கையைப் பிடித்து, "ஜெபத்தில தாங்குறோம்மா" என்பார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அப்பாவைத் தாங்கிப் பிடித்து மாடிப்படி இறங்கும்போது அந்த வார்த்தை நினைவுக்கு வரும். அழுகையும் வரும்.

பார்க்க வருகிறவர்கள் இளநீர், ஆரஞ்சு, வாழைப்பழம் வாங்கி வருவார்கள். மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது ஏறினால் இதயமே நின்றுபோகலாம். அன்போடு கொண்டுவந்தவர்களிடம் அதை எப்படிச் சொல்ல? வாங்கி வைத்து, அப்பா கண்ணில் படாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வந்தார். "தங்கச்சி, புதன்கிழமை அப்பாவ எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போகணும்?" அவ்வளவுதான் கேட்டார். அதன்பின் பதினான்கு மாதம் புதன்கிழமை முழுக்க அவர் பொறுப்பு. வண்டியை எடுக்குமுன் அப்பாவின் தோளில் கைவைத்து இரண்டு வரி ஜெபம். முடிந்து வரும்வரை அவர் நின்றுகொண்டுதான் இருப்பார். ஏனென்றால், நாங்கள் போன ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே துணைக்கு வந்தவர்கள் உட்கார நாலே நாலு நாற்காலி. வாசலில் செயற்கை நீரூற்று வைக்கப் பணமிருந்தது, ஒரு பெஞ்சு போட இல்லை. சொந்தக்காரரை உள்ளே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்த வயதான பெண்களை அங்கே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தும் பார்த்தேன். சரி, அதை விடுகிறேன்.

"ஜெபத்தைக் குறைத்துப் பேசுகிறாள்" என்று யாராவது கிளம்பலாம். இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, மூட்டுவலியால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர். அவரால் ஜெபிக்க மட்டும்தான் முடியும். ஆனால் ஒவ்வொரு டயாலிசிஸ் நாளுக்கும் முந்தின இரவு போன் செய்வார். "மகளே, அப்பாவுக்கு எத்தனை கிலோ கூடியிருக்கு?" என்பார். சிறுநீர் பிரியாததால் குடிக்கிற தண்ணீர் எல்லாம் எடையாக ஏறும் என்று அவர் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். சித்திரை வெயிலில் அளந்துதான் தண்ணீர் என்று அப்பா தவித்தபோது, அந்தத் தாகம் தணிய வேண்டும் என்று தாகத்துக்காகவே ஜெபித்தார். அப்பாவுக்கு அது தெரியும். நாக்கு வறளும்போது பெரியம்மாவின் பெயரைச் சொல்லுவார். அந்த ஜெபத்தை உதவி இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

பைபிளில் மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் முடங்கியவனை, சுமந்துவந்த நான்கு பேர் கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் வாய்திறந்து ஜெபித்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. அண்ணனை நினைக்காமல் அந்த வசனத்தை என்னால் இப்போது வாசிக்க முடிவதில்லை.

நீங்கள் ஜெபியுங்கள். அதற்குமுன், இன்று இரவே நண்பருக்குப் போன் போட்டு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை கூட்டிப்போகிறார்கள், யார் கூடப் போகிறார்கள், சாப்பாட்டில் எதை ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.