நெஞ்சு தெளிந்த பிறகும் அப்பாவை ஏன் வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியவில்லை?

உப்புவெளியில் கரைவலை இழுத்த மனுசர், நிமோனியாவுக்காகப் பத்து நாளாக ஐசியுவில் இருக்கிறார், சளி குறைந்தும் மெஷினைக் கழற்ற முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் மூச்சுத் தசை பலமிழந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

நுரையீரல் தானாக விரியாது. அதற்குக் கீழே குடை போலிருக்கும் பிரிமென்றகடுதான் கீழிறங்கிக் காற்றை உள்ளே இழுக்கிறது. பிறந்த நாள் முதல் ஓய்வே அறியாத தசை அது. மெஷின் காற்றைத் தள்ளத் தொடங்கியதும் அதற்கு வேலை குறைந்து, நாள் கணக்கிலேயே மெலிந்துவிடும். மூளைச்சாவடைந்து 18 முதல் 69 மணிநேரம் மெஷினில் இருந்தவர்களின் இந்தத் தசை நார்களின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருந்ததை 2008 இல் ஓர் ஆய்வு காட்டியது. இரத்தத்தில் கிருமி பரவினால் இன்னும் மோசம்.

மருத்துவர்கள் மெஷினின் உதவியைக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணிநேரம் அவராகவே மூச்சுவிட விட்டுப் பார்ப்பார்கள். தசை களைத்தால் கழுத்துக்குழி உள்ளே இழுபடும், மூச்சு சிறிதாகி வேகமெடுக்கும். அன்று முடியாவிட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். காரணத்தைச் சரிசெய்து மறுபடி பார்ப்பார்கள். உள்மூச்சுத் தசைப் பயிற்சி அவருக்குப் பொருந்துமா என்று பிசியோதெரபிஸ்டிடம் நாளைக்கே கேளுங்கள்.