டிரசர் ஐயா பதில்கள்: ஜெராய் மலையடியில் கூடாரம் போடுமுன்

(பீடோங் வட்டாரத் தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, என் மகன் படிவம் 4 படிக்கிறான். பள்ளி விடுமுறையில் கூட்டாளிகளோடு ஜெராய் மலையடியில், ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறானாம். சுற்றிலும் உப்பும் கந்தகமும் தூவினால் பாம்பு அண்டாது என்கிறார் என் மாமியார். கடிவாயில் வைத்தால் விஷத்தை உறிஞ்சுமாம், பாம்புக் கல்லும் கொடுத்தனுப்பச் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு தாய், பீடோங்

பதில்: பேரன் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார் அம்மா. ஆனால் உப்பைத் தாண்டியும் பாம்பு வரும், கந்தகத்தைத் தாண்டியும் வரும். அந்தக் காசுக்கு நல்ல டார்ச் லைட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

நம் கெடா பக்கம் அதிகம் பயப்பட வேண்டியது காப்பாக் போடோ விரியனுக்குத்தான். கித்தாக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) வேலை செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். நீளம் ஒன்றரை முழம் இருக்கும். தடித்த உடம்பு, சருகு நிறம், முதுகின் இரு பக்கமும் கரும்பழுப்பு முக்கோணங்கள். ஆள் நடக்கும் அதிர்வு பட்டால் மற்ற பாம்புகள் பெரும்பாலும் நழுவிவிடும். இது நகராது. சருகுக்குள் சுருண்டபடியே கிடக்கும், மிதித்தால் கடிக்கும். இருட்டோடு பால் வெட்டப் போனவர்கள் பாதத்திலும் கணுக்காலிலும் கடிபட்டு வந்தது இப்படித்தான்.

அதனால் கண் பார்க்காத இடத்தில் காலோ கையோ போகக் கூடாது. விறகு பொறுக்குவதைப் பகலிலேயே முடித்துவிட வேண்டும், அதுவும் குச்சியால் கிளறிவிட்டுத்தான். விழுந்து கிடக்கும் மரத்தை ஒரேயடியாகத் தாண்டாமல், அதன் மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். ராத்திரி ஒதுங்கப் போனாலும் பூட்ஸ், டார்ச் இரண்டும் வேண்டும். மிச்சச் சோற்றைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் கொட்டக் கூடாது. சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கூடாரத்தின் ஜிப் எப்போதும் மூடியே இருக்கட்டும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. அது கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கண் இமை தொங்கிய பிறகுதான் தெரியும். அப்புறம் மூச்சு சிக்கலாகிவிடும்.

இனி பாம்புக் கல். பினாங்குப் பொது மருத்துவமனையில் இருந்த டாக்டர் அலிஸ்டர் ரீட் 1960களில் காப்பாக் போடோ விரியன் கடித்தவர்களைக் கவனித்து எழுதினார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விஷம் ஏறவே இல்லை, அல்லது மிகக் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. கல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். கல்லுக்குப் பேர் வந்தது அவர்களால்தான். விஷம் ஏறிய மற்றவர்களுக்கு, கல்லை வைத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

இந்த விஷம் ரத்தத்தை உறைய விடாது. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். நல்ல ரத்தம் கட்டியாக நிற்கும். விஷம் ஏறிய ரத்தம் குழாயின் ஓரமாக வழிந்து ஓடும். அந்த உடம்பில் போய்ப் பிளேடால் கீறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடிபட்டால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிறோ துண்டோ இறுக்கிக் கட்டக் கூடாது. வீங்குவதற்கு முன் மோதிரம், கைக்கடிகாரம், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட காலைக் கட்டையோ குச்சியோ வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கி வர வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 999 அழையுங்கள். விஷமுறிவு மருந்து பெரிய மருத்துவமனையில்தான் கிடைக்கும். உங்களுக்கு சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை பக்கம். மகன் புறப்படுமுன் இதை அவனிடமும் கூட்டாளிகளிடமும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். கைப்பேசிக்கு லைன் கிடைக்கும் இடம் எது என்று போனவுடன் பார்த்து வைக்கட்டும்.

கேள்வி: காட்டில் கையளவு மயிர்ச் சிலந்தியைப் பார்த்தோம். கடித்தால் உயிருக்கு ஆபத்தா?
– வாசகர், குருண்

பதில்: அது மண்ணில் பொந்து போட்டு வாழ்வது. பொந்தின் வாயில் வெள்ளை நூல் பின்னியிருக்கும். அங்கே விரலையோ குச்சியையோ விடாதீர்கள். கடித்தால் நன்றாக வலிக்கும், வீங்கும், சிலருக்குத் தசை பிடித்து இழுக்கும். ஆள் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். தசைப்பிடிப்பு நிற்காவிட்டாலும், கடிபட்டது சின்னப் பிள்ளையாக இருந்தாலும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேரே மருத்துவமனைதான். காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போட்டால் சிலந்தி, தேள், பூரான் மூன்றுக்கும் பாதுகாப்பு.

கேள்வி: கடித்த பாம்பை அடித்துக் கொண்டு வரச் சொல்கிறார்களே?
– வாசகர், சுங்கை லாலாங்

பதில்: வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவார். வெட்டுண்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். தள்ளி நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிட்டு, ஆளைத் தூக்குங்கள்.