முதலில் ஹேண்டிலைக் கையில் எடுக்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் தாத்தா கிணற்றடியில் ஓட்டிய ஆயில் எஞ்சின் ஒன்று இருக்கிறது. லிஸ்டர் மாடல், இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், 6 குதிரைத்திறன், 650 சுற்று என்று தகட்டில் போட்டிருக்கிறது. கரண்ட் மோட்டார் வந்ததும் 1988 வாக்கில் கொட்டகையில் தள்ளிவிட்டார்கள். சக்கரம் இம்மியும் அசையவில்லை. டிராக்டரில் பெல்ட் மாட்டி ஒரு இழு இழுத்தால் விட்டுவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். செய்யலாமா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தயவுசெய்து வேண்டாம். எங்கள் பெரியப்பா வீட்டில் இதையேதான் செய்தார்கள். சக்கரம் சுற்றத்தான் செய்தது, ஆனால் உள்ளே துருவோடு ஒட்டிக் கிடந்த ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) துண்டு துண்டாக உடைந்து லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் குழாயை, மேலிருந்து கீழ்வரை கிழித்துவிட்டது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் வளைந்துபோனது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் பிழைத்திருக்க வேண்டிய எஞ்சின் எடைக்குப் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அசையவில்லை என்றதும் பயப்பட வேண்டாம். எஞ்சின் நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்திருந்தால் அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகும், புகைக்குழாய் வானத்தைப் பார்த்து நின்றிருந்தால் மழைத்தண்ணீரும் நேராக இறங்கும். ரிங் லைனரைத் தொடும் இடத்தில் துரு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். டீசலை உள்ளே தூவும் நாசிலைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள். இரண்டு நாளில் விடலாம், மூன்று வாரமும் ஆகலாம். ஒரு நூல் அளவு அசைந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறமும் முழுச் சுற்றுக்கு அவசரப்படாதீர்கள். வால்வு ஜாம் ஆகியிருந்தால் அதைத் தள்ளித் திறக்கும் கம்பியான புஷ் ராடு வளைந்துவிடும், அதனால் மேல் மூடியைத் திறந்து இரண்டு வால்வும் தானாக ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை வாரம் ஊறவைத்தாலும் விடவில்லை என்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். லைனரில் குழி விழுந்திருந்தால் புது லைனர் போடுங்கள். இந்த மாடலை ராஜ்கோட் பட்டறைகள் எத்தனையோ வருடமாகச் செய்து வருவதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, அடியிலிருந்து பழைய ஆயிலை வடித்தால் முதலில் வருவது தண்ணீராகத்தான் இருக்கும், ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். அதற்கு மேல் கரிய களிம்பு. துணி சுற்றிய கையை விட்டு மூலை முடுக்கெல்லாம் துடைத்தெடுங்கள். காற்று போகும் குழாயில் விரலை விட்டுப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கும். அந்த மண் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் புது ரிங் தேய்ந்துவிடும். டேங்க்கில் இருக்கும் பழைய டீசலைக் கொட்டிவிட்டு ஃபில்டரையும் ரப்பர் டியூபையும் புதிதாக மாற்றுங்கள். நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்ப்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரைச் சுத்தியலால் தட்டவே கூடாது. முடி கனத்தில் ஒரு சின்னப் பங்கு இடைவெளியில் ஓடும் சாமான் அது, டீசல் பம்ப் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். நாசிலையும் அங்கேயே டெஸ்ட் செய்துவிடலாம்.

இனிச் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான பம்ப்பின் ரேக் முழு டீசல் விடும் நிலையில் சிக்கிக் கிடந்தால், எஞ்சின் பற்றிய உடனே வேகம் ஏறிக்கொண்டே போகும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது, வார்ப்பிரும்புச் சக்கரம் வெடித்துச் சிதறும். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் ரேக்கைக் கையால் தள்ளிப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி போய் வர வேண்டும். சக்கரத்தின் ஆரங்களில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டித் தூளைப் பூசி அரை மணி நேரம் விடுங்கள். கீறல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வந்து வெள்ளையில் ஒரு கோடு போட்டுக் காட்டும். அப்படிக் கோடு தெரிந்தால் அந்தச் சக்கரத்தை ஓட்டாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்து, காற்றுக்குழாயின் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். எஞ்சின் கை மீறிப்போனால் அந்தப் பலகையை வைத்து அழுத்தினால் மூச்சடைத்து நின்றுவிடும். சக்கரத்துக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

எஞ்சினைக் கிளப்பும் அன்று துண்டைக் கழற்றி வையுங்கள், வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். பேரிங்குகளுக்குக் கையாலேயே ஆயில் ஊற்றுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது விரல் போய்விடும். வால்வைத் திறந்து வைத்துச் சுற்றுவதை லேசாக்கும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டுச் சுற்றுங்கள், நாசில் ‘கிரீச் கிரீச்’ என்று பேசும் சத்தம் கேட்ட பிறகு லிவரை விடுங்கள். பற்றிக்கொண்டால் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பேரிங் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் கால் மணி.

கேள்வி: எங்கள் அரிசி மில்லில் 40 வருடமாக நிற்கும் நீராவி பாய்லரும் எஞ்சினும் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. சும்மா கொஞ்சமாக விறகு போட்டுப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கூடாதம்மா. டீசல் எஞ்சினில் தப்பு செய்தால் பெரும்பாலும் எஞ்சினோடு போகும், பாய்லரில் தப்பு செய்தால் மில்லே போய்விடும். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு சுமார் 170 டிகிரி. தகடு கிழிந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, அதில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடம் கேட்கும், யோசித்துப் பாருங்கள். வெளியே பெயிண்ட் பளபளப்பதை நம்பாதீர்கள். சேறு படிந்த அடித்தகடும், தண்ணீர் மட்டம் நின்ற கோடும், டியூப் முனைகளும் உள்ளுக்குள்ளே அரித்துப் போயிருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் இடம் இடமாக அளக்க வேண்டும். அப்புறம் பச்சைத் தண்ணீரை முழுக்க நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, அதனால் தகடு விட்டாலும் ஒழுகி நிற்குமே தவிர வெடிக்காது. அரசாங்க பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று கொடுக்காமல் அடுப்பு பற்றவைப்பது சட்டப்படியும் குற்றம்.

பொறுமை இருந்தால் நடக்கும் என்பதற்கு நம் பெரம்பூரே சாட்சி. 1855ல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டி, 1909ல் ஓய்வுக்குப் போன ஃபேரி குயின் ரயில் எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள் சரிசெய்து, 1997ல் அது மறுபடி ஓடியது. அமெரிக்காவில் பிக் பாய் 4014 என்ற ராட்சத எஞ்சின் 1961ல் ஓய்வு பெற்றுக் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் ஐம்பது வருடத்துக்கு மேல் காட்சிக்கு நின்றது. வெளியே கொண்டுவரவே வாகன நிறுத்துமிடத்தின் மேல் தற்காலிகத் தண்டவாளம் போட வேண்டியிருந்தது. 2014ல் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனிக்காரர்கள் அதைச் சரிசெய்ய ஷையன் நகரத்துக்கு இழுத்துப்போனார்கள், சொந்த நீராவியில் அது நகர்ந்தது 2019 மே மாதம்தான். அத்தனை பெரிய ரயில் கம்பெனிக்கே அவ்வளவு காலம் பிடித்தது. நீங்கள் இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டுக் காத்திருங்கள், அதுவரை பாய்லருக்குள் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பழைய மெஷினுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஓடிய பிறகு அடியுங்கள், முதலிலேயே அடித்தால் கீறல் மறைந்துவிடும். கம்பெனித் தகட்டில் மட்டும் எமரி ஷீட்டை வைக்காதீர்கள், எண் அழிந்துவிடும். தகட்டின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் ஏறும். அந்தத் தாளை எனக்கு அனுப்பினால் என்ன மாடல் என்று பார்த்துச் சொல்கிறேன்.