டைல்ஸ் தரை: குமரி எல்லைப் பக்கத்து வாசகர் கேள்விகள்

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் 'டமார்' என்று சத்தம். ஹால் நடுவே இரண்டு டைல்ஸ் கூரை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. பால்காய்ச்சி நாலு வருடம்தான் ஆகிறது. ஏன் சார்? (களியக்காவிளை வாசகி)

பெயர்ந்த டைல்ஸைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள் அம்மா. கலவை ஒட்டியிருந்த தடமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால், அது முதலிலிருந்தே சரியாகப் பிடிக்கவில்லை. நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவையை உருண்டை உருண்டையாக வைத்து அமுக்கியிருந்தால், மீதி இடம் முழுக்கக் காற்றுதான். இதோடு பெரும்பாலும் இன்னொரு தப்பும் சேர்ந்திருக்கும். கோடு தெரியக் கூடாது என்று டைல்ஸை இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டுவார்கள். வெயிலில் டைல்ஸ் விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் மேலே எழும்பும்.

முழுத் தரையையும் உடைக்க அவசரப்படாதீர்கள். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டி, பொள்ளல் சத்தம் வருகிற இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். அவற்றை மட்டும் எடுத்து, பழைய கலவையைக் கொத்திவிட்டு, பல் கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கொல்லறு) டைல்ஸ் பசையை முழுவதும் பரப்பி ஒட்டச் சொல்லுங்கள். டைல்ஸுக்கு நடுவே 2 முதல் 3 மி.மீ., சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி கட்டாயம். சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) மறைத்துவிடும்.

பழைய காவித் தரையை உடைக்காமல் மேலேயே ஒட்டலாமா? (குழித்துறை வாசகர்)

தரை கெட்டியாக இருந்தால் ஒட்டலாம். ஆனால் நம் ஊரில் இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் மாறி மாறி வருவதால், ஈரத்தை முதலில் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிரிக்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் நின்றால், அந்த ஈரத்தைச் சரிசெய்யாமல் டைல்ஸைத் தொடாதீர்கள்.

ஈரம் இல்லையா, சரி. வருடக்கணக்கில் மெழுகு தேய்த்த வழவழப்பில் எதுவும் பிடிக்காது. உளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டு, சிமெண்டுக்குப் பதில் டைல்ஸ் பசையில் ஒட்டுங்கள். தரை அரை அங்குலம் உயரும். கதவின் அடியைச் சீவ ஆசாரியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

டைல்ஸை ஊறவைக்க வேண்டுமா?

சிமெண்டில் பதிக்கும் செராமிக் என்றால் ஊறவைத்து, ஈரத்தை வடியவிட்டுப் பதியுங்கள். இல்லையென்றால் கலவையின் நீரை அது உறிஞ்சிவிடும். விட்ரிஃபைடு டைல்ஸை ஊறவைக்க வேண்டாம், அது நீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. பசையில் ஒட்டுவதென்றால் எதையுமே ஊறவைக்காதீர்கள்.

12-க்கு 14 அடி அறைக்கு எத்தனை டைல்ஸ்?

168 சதுர அடி. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 185. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸில் 47 வரும். பாக்ஸுக்கு 4 என்றால் 12 பாக்ஸ். எல்லாப் பாக்ஸிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

மழைச் சாரலில் சிட் அவுட் வழுக்குகிறது. அம்மாவுக்கு எழுபது வயது. (பாறசாலை வாசகர்)

இதைத் தள்ளிப் போடாதீர்கள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் திரும்ப நடமாடுவது பெரும்பாடு. பளபளப்பான டைல்ஸை எடுத்துவிட்டு, சொரசொரப்பான மேட் டைல்ஸ் போடுங்கள். கடையில் வாங்கும்போதே அதில் தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். வாசலை நோக்கி வாட்டம் வேண்டும்: 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறங்கினால் தண்ணீர் நிற்காது. கோடு நிரப்பும் முன், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அதுவரை அம்மா உட்காரும் இடத்தில் ரப்பர் மிதியடி கிடக்கட்டும்.

கோடெல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. ஆசிட் சிமெண்டை அரித்துவிடும்; குழி விழுந்த கோட்டில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். சோப்புத்தூள், நைலான் பிரஷ் போதும். போகவில்லை என்றால், கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி என்ற பிசின் கலவையை நிரப்புங்கள். சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது.