வெளிநாட்டில் மிஷனரியாக இருக்கும் பிள்ளையை, ஊழியம் முடிந்ததும் பெற்றோரே நேரில் போய் அழைத்து வருவார்களாமே, பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு குடும்பத்தை, மூன்று நாள், தைவானின் தைனான் நகரத்தில். 2023 ஜூன் மாதம். எல்லாரும் இப்படித்தானா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நான் அப்போது அங்கே செங் குங் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். லேபில் எல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடிவிடும்; கீழே இறங்கி ஒரு முட்டை வாங்கப் போனால் ஊமை. சீனம் பேசிப் பழக ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, புதன்கிழமை சாயங்காலம் ஒரு சர்ச்சில் இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறது, உள்ளூர்க்காரர்கள் நிறைய வருவார்கள், அங்கே போனால் பேச்சுத்துணை கிடைக்கும் என்றார்கள். போனேன். வகுப்பெடுத்தது இரண்டு அமெரிக்கப் பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, தலைமுடியில் சைக்கிள் ஹெல்மெட் அழுத்திய தடம், நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். மார்மன் சபைக்காரர்கள், அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு. பேட்ஜில் சீன எழுத்தில் ஒரு குடும்பப் பெயர், பக்கத்தில் 'ஜாங்லாவ்' என்ற பட்டம். மூப்பர் என்று பொருள். அதில் ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. வயது 19. மூப்பராம்!

அந்த மூப்பனின் கதைதான் இது. ஊர் ஐடஹோ மாநிலத்தில், சுற்றிலும் உருளைக்கிழங்கு விளையும் ஒரு சிற்றூர்.

இவர்கள் ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெற்றோர் ஏன் விமானம் ஏறி வருகிறார்கள் என்பது புரியாது. பையன்கள் 18 வயதிலேயே போகலாம். இரண்டு வருடம். எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெரு, இவனுக்குத் தைவான் என்று வந்ததாம். சம்பளம் கிடையாது. சொல்லப்போனால் குடும்பம்தான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தொகை, 2020 ஜூலைக்கு முன் 400 டாலர், அதன்பின் 500. சீனம் பேசும் இடமென்றால் யூட்டாவில் ப்ரோவோ என்ற ஊரில் இரண்டு மாதம்போல மொழிப் பயிற்சி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தனியாக எங்கும் போகக்கூடாது, எப்போதும் ஜோடியாகத்தான். ஜோடியையும் ஊரையும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். நடுவில் வீட்டுக்கு வர முடியாது. பெற்றோர் போய்ப் பார்ப்பதையும் சபை விரும்புவதில்லை. போன் விஷயம் இன்னும் மோசம்: 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று, வருடத்துக்கு அவ்வளவுதான். அதன்பிறகு வாரம் ஒருமுறை பேசலாம் என்று தளர்த்தினார்கள். நம் பிள்ளைகள் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் ராத்திரியே வீட்டுக்கு நாலு போன் போடுகிற ஆட்கள், நினைத்துப் பாருங்கள்.

மதம் மாற்றும் வேலை எனக்கு உவப்பானதில்லை. அதை அவனிடமே சொன்னேன். புத்தகம் நீட்டினான், வேண்டாம் என்றேன், சரி என்று பைக்குள் வைத்துவிட்டான். அப்புறமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். 'அண்ணா' என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன்; அந்த 'ண்'ணில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அவனுக்கு. ஏழெட்டு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். திடீரென்று ஒருநாள் செய்தி வந்தது: "அண்ணா, முடிந்துவிட்டது. அப்பா அம்மா கூட்டிப்போக வருகிறார்கள். தைனானுக்கும் வருவோம்."

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெற்றோர் வராவிட்டால் சபை போடும் டிக்கெட்டில் நேராக ஊர் போய்ச் சேர வேண்டும். சுற்றிப் பார்க்க வேண்டும், பழகியவர்களிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்றால் கூடவே அப்பாவோ அம்மாவோ இருக்க வேண்டும். அதோடு, ஊருக்குப் போய் அங்குள்ள சபைத் தலைவர் முறைப்படி விடுவிக்கும்வரை இவன் மிஷனரிதான். ஆகவே 35 டிகிரி வெயிலில் அப்பா அரைக்கால் சட்டையில் நிற்க, பையன் டையும் பேட்ஜுமாக நின்றான். தனியாகப் போகக்கூடாது என்ற பழக்கமும் விடவில்லை. எதிர்ப்பக்கக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கவும் அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் போனான்.

முந்தின நாள் தைச்சுங் நகரத்தில், மிஷனரிகளுக்குப் பொறுப்பான சபைக்காரர் வீட்டில் வைத்துப் பெற்றோரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் அங்கே இல்லை. பையனின் அம்மா சொன்னது: "முகத்தைப் பார்க்கும் முன்னால் ஷூவைத்தான் பார்த்தேன். குதிகால் பக்கம் சாய்வாகத் தேய்ந்து, பழைய சோப்புக் கட்டி மாதிரி இருந்தது." போகும்போது அவர் வாங்கிக்கொடுத்த ஷூவாம்.

தைனான் ஸ்டேஷனில் நான் பார்த்தது வேறொரு காட்சி. கூட்டிப்போக வந்தவர்கள் இரண்டு பேரும் கைப்பிள்ளை மாதிரி அவன் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். ரயில் கார்டைக் கதவில் இருவருக்கும் இவன்தான் தேய்த்தான். ரோட்டைக் கடக்கும்போது ஸ்கூட்டர் கூட்டம் சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்க, அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். அவர் ஆறடி மூன்றங்குலம் இருப்பார். வயலுக்கு நீர் பாய்ச்சும் குழாய் வேலை செய்கிறவர். முதன்முதலில் பாஸ்போர்ட் எடுத்ததே இந்தப் பயணத்துக்குத்தான். தைனானின் ஆன்பிங் பகுதியில் ஒரு பழைய கிடங்கை ஆலமரம் விழுதுவிட்டு மொத்தமாக மூடியிருக்கும், சுற்றுலா இடம். எல்லாரும் போட்டோ எடுக்க, இவர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, "இதற்கு எங்கிருந்து தண்ணீர் விடுகிறார்கள்?" என்று கேட்டார்.

பக்கத்திலேயே டச்சுக்காரர்கள் 1624-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. மூன்று வருடத்தில் அவர்களுடைய முதல் பாதிரியாரும் வந்துவிட்டார். அவர்கள் பழங்குடி மக்களுக்குக் கற்றுக்கொடுத்த ரோம எழுத்தில், டச்சுக்காரர்கள் 1662-இல் தோற்று வெளியேறி நூற்றைம்பது வருடம் கழித்தும் அந்த மக்கள் நிலப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். இதை நான் அளந்துகொண்டிருக்க, அந்தம்மா, "அந்தப் பாதிரியார்களின் அம்மாக்கள்?" என்று கேட்டார். எனக்கு நம்ம தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் 23 வயதில் வந்து இறங்கினார், 1719-இல் அங்கேயே அடக்கம். வடக்கே தம்சுயிக்கு 1872-இல் வந்த கனடாக்காரர் மக்கேயும் அந்த மண்ணிலேயேதான் கிடக்கிறார். அந்தக் காலத்தில் இரண்டு வருடம், ரிட்டர்ன் டிக்கெட் என்ற பேச்சே இல்லை. அந்தம்மாவிடம் அதையெல்லாம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு பாட்டியின் மீன் சூப் கடைக்குக் கூட்டிப்போனான். தைனானில் காலைச் சாப்பாடே பால்கெண்டை மீன் சூப்தான். நம்ம ஊரில் முள்ளுக்குப் பயந்து பலர் ஒதுக்குகிற மீன். இங்கே முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வயிற்றுப் பகுதியை இஞ்சி போட்டுக் கொதிக்கவிட்டுத் தருவார்கள். அந்த ஊர்ப் பெரியவர்கள் குசலம் விசாரிப்பதும் நம்மைப் போலத்தான், 'சாப்பிட்டாச்சா' என்று. பாட்டி அவனைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கன்னத்தைக் கிள்ளினாள். இதுதான் அம்மாவா என்று கேட்டாள். அந்தம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேச ஆரம்பித்தாள். பாதி தைவான் மொழி, பாதி சீனம். எனக்குச் சீனப் பாதி புரிந்தது.

"போன வருஷம் இதே மூலையில்தான் உட்கார்ந்து அழுதான். சரியான மழை. கூட வந்த பையன் வெளியே குடை பிடித்து நின்றான், உள்ளே வரவில்லை. கண்ணீர் சூப்பில் விழுகிறது, இவன் குடித்துக்கொண்டே இருக்கிறான். நான் காசு வாங்கவில்லை. ஊருக்குப் போய்விடு கண்ணு, உங்கம்மா ஒன்றும் சொல்லமாட்டாள் என்றேன். தலையை ஆட்டினான். மறுநாளும் சைக்கிளில்தான் போனான்."

அம்மா மகன் முகத்தைப் பார்த்தார். அவன் காது மடல் சிவந்துவிட்டது. ஆங்கிலத்தில் சொன்னான்: "சூப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள்."

அந்தம்மா பாட்டியின் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே சீன வார்த்தையில் நன்றி சொன்னார். அப்பா இரண்டாவது கிண்ணம் கேட்டார். நான் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

அன்று இரவு என் அறையில் சாப்பாடு. அரிசி, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் (ஐடஹோக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு போடுகிறோமே என்று கூச்சமாக இருந்தது, மூன்று பேரும் அதைத்தான் வழித்தார்கள்). இவர்களுக்குக் காபியும் ஆகாது, டீயும் ஆகாது. வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்க வழியில்லை என்றால் நமக்குக் கை ஓடாது, இல்லையா? கடைசியில் வெண்பூசணிச் சாறு வாங்கி வைத்தேன். அங்கே அதற்குப் பேர் 'பூசணி டீ', ஆனால் டீத்தூள் ஒரு சிட்டிகை கிடையாது. பூசணியைச் சர்க்கரையில் காய்ச்சி எடுத்தது. காசி அல்வாவைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கும்.

அப்பாவும் மகனும் பால்கனியில் நின்று ஸ்கூட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா தட்டு கழுவ வந்து நின்றார். "காலையில் அவர்கள் அவ்வளவு நீளமாகப் பேசினார்களே, என்ன சொன்னார்கள்?"

உங்கள் பையன் நல்ல பையன் என்றார்கள், என்றேன்.

அவர் ஒரு தட்டைத் துடைத்து முடிக்கும்வரை பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வாராவாரம் வீடியோவில் ஒரே வெள்ளைச் சுவர் முன்னால் உட்காருவான். எல்லாம் நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு. போன மே மாதம் மூன்று வாரம் ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான், முகம் இருட்டாகத் தெரியட்டும் என்று. எனக்குத் தெரியாதா? நானும் உருளைக்கிழங்கு நடவு பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். கேட்டால் அழுவான், அழுதால் அவன் அப்பா டிக்கெட் போட்டுவிடுவார்."

சொல்வதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். அவன் மறைத்ததைப் போட்டு உடைக்க நான் யார்? ஆனால் ஏழாயிரம் மைல் வந்த மனுஷியிடம் அடுக்களையில் நின்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன், புரிந்தமட்டும். குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்ற பையன் விஷயத்துக்குத்தான் அவர் அழுதார். "அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நான் எழுத வேண்டும்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹோட்டல் வாசலில் தனியாக நின்றார். மகன் அப்பாவோடு தூங்குகிறான், வா, என்றார். கடைக்குப் போனோம். அன்றைக்கு வாங்காமல் விட்ட சூப்பின் காசை எடுத்து நீட்டினார். பாட்டி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இவர் மறுபடி நீட்ட, அவள் மறுபடி தட்ட, பின்னால் சூப்புக்கு நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் இவர் ஊரிலிருந்து கொண்டுவந்த ஹக்கிள்பெரி ஜாம் பாட்டில் ஒன்றைக் கல்லாமேல் வைத்தார். பாட்டி உள்ளே போய் ஒரு பை மாம்பழம் கொண்டுவந்து திணித்தாள். யூஜிங் மாம்பழம், ஜூனில் தைனானே அந்த வாசனையில்தான் இருக்கும். நான் மொழிபெயர்க்க வாய் திறக்கும் முன்னால் இருவரும் பேசி முடித்திருந்தார்கள், ஆளுக்கொரு மொழியில்.

பழத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே அதிவேக ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, என் சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியால் சீவி, நாலு பேரும் தின்று தீர்த்தோம். அப்பாவின் முழங்கைவரை வழிந்தது. மகன் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கொட்டையைச் சப்பிக்கொண்டே, "இது யார் கொடுத்தது?" என்று கேட்டான்.

"சூப் பாட்டி" என்றார் அம்மா.

அவன் சப்புவதை நிறுத்தினான். "தனியாகப் போனாயா? என்ன சொன்னார்கள்?"

"சூப் பிடித்திருந்ததா என்று கேட்டார்கள்" என்றார் அவர்.