வேலூரில் பழைய வீட்டு மாடியில் ஒரு அறை கட்ட மாநகராட்சி அனுமதி தேவையா, எப்படி வாங்குவது?

தேவை. கீழ்வீட்டுக்குத்தான் ஏற்கெனவே அனுமதி இருக்கிறதே, மேலே ஒரு ரூம்தானே என்று மேஸ்திரி சொல்வார், எனக்கும் சொன்னார், கேட்காதீர்கள். பூச்சு வேலை, டைல்ஸ் மாற்றுவது, வெள்ளையடிப்பது இதற்கெல்லாம் யாரிடமும் போக வேண்டாம். மாடியில் அறை எழுப்பினால் அது கூடுதல் கட்டடம், 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபடம் போட்டு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். வீட்டுக் கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியும் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில், அப்பா கட்டியது. அவர் கட்டியபோது சத்துவாச்சாரி மாநகராட்சியோடு சேரவில்லை, அதனால் பழைய அனுமதி அப்போதிருந்த உள்ளாட்சி கொடுத்தது. அந்த வரைபடம் அப்பாவின் இரும்புப் பெட்டிக்குள், மடித்த மடிப்பிலேயே கிழிந்து நான்கு துண்டாகக் கிடந்தது. ஒட்டி ஸ்கேன் எடுத்து வைத்தேன், நல்லவேளை, ஏற்கெனவே நிற்கும் வீடு முறைப்படி கட்டியது என்று காட்ட அது ஒன்றுதான் இருந்தது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், பதிவு பெற்ற இன்ஜினியர் மூலம் போகும். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, வரைபடம், இவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, என்னுடையது முதல் தடவை திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: அளவு பொருந்தவில்லை. நான் முதலில் பிடித்த ஆள் இடத்தைப் பார்க்காமலேயே பத்திரத்தில் இருந்த 30 அடியை அப்படியே வரைந்து அனுப்பியிருக்கிறார். அடுத்து வந்த இன்ஜினியர் முதல் வேலையாக டேப்பை எடுத்தார். ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டார், பின்பக்கம் காம்பவுண்டு ஓரமாக இழுத்தால் 29 அடி 3 அங்குலம். முக்கால் அடி எங்கே போனது என்று வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் போய்விட்டது. கடைசியில் நில அளவைக்கு மனு போட்டு சர்வேயரை வரவழைத்து, தரையில் இருக்கும் அளவுக்கே வரைபடம் போட்டோம். பக்கத்தில் விட வேண்டிய காலி இடத்தை அந்த அளவிலிருந்துதான் கணக்குப் பண்ண வேண்டும்.

பட்டா வேறு அப்பா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று வாங்கி, அம்மா, அக்கா, நான் மூவர் பெயருக்கும் மாற்றி முடிக்க நான்கு மாதம். அப்புறம் அனுமதி வர ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால் சொல்கிறேன், கொத்தனாரிடம் பேசுவதற்கு முன்னால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், டேப் வைத்து நான்கு பக்கமும் நீங்களே அளந்து பாருங்கள்.

வேலூருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, இருக்கும் வீட்டின் மேல் மாடி எடுப்பதும் இதில் அடக்கம். பழுது பார்ப்பதற்கே அனுமதி கேட்க வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், ஆனால் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். மாநகராட்சி அனுமதி இருக்கிறது என்பது இங்கே போதாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கோட்டைப் பக்கம் வீடு என்றால் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

பழையதை இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டுகிறீர்கள் என்றால் வழி சுலபம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று திட்டத்தில் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. பத்திரமும் பட்டாவும் சரியாக இருக்க வேண்டும்.

அனுமதி வந்த வரைபடத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் மேஸ்திரி ஜன்னல் சன்ஷேட்டை பக்கத்து வீட்டுப் பக்கம் அரை அடி கூட்டிப் பலகை அடித்துவிட்டார். கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அந்தப் பிரிண்ட்டைக் காட்டித்தான் பலகையைக் கழற்ற வைத்தேன்.