இரண்டு சட்டத்தரணிகளுக்கும் தம்பி இரண்டு தரம் கொடுக்க வேண்டுமா?

நியூயோர்க்கில், குயீன்ஸ் பகுதியில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் 17 வருடம் எழுதுவினைஞராக இருந்துவிட்டு, இப்போது உவர்மலையில் அம்மாவின் வீட்டில் இருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் விபத்து வழக்குகள் இணக்கமாக முடிந்த பிறகு யாருக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்குத்தாளைத் தட்டச்சு செய்வதுதான் அங்கே என் வேலை. இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று காசுப் பிரச்சினைகள். முதலாவதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

கேள்வி: அக்கா, என் தம்பி நியூயோர்க்கில் சைக்கிளில் போகும்போது கார் அடித்துக் கால் முறிந்தது. முதலில் பிடித்த லோயர் இரண்டு வருடம் வழக்கை வைத்திருந்தார். ஃபோன் எடுத்தால் பதிலே இல்லை என்று தம்பி வேறொருவரிடம் மாறிவிட்டான். அவர் எட்டு மாதத்தில் 180,000 டொலருக்கு முடித்துத் தந்தார். இப்போது முதல் லோயர் 'லீன்' போட்டிருக்கிறாராம், காசு வராது என்கிறார்கள். இரண்டு பேருக்கும் மூன்றிலொன்று கொடுத்தால் தம்பிக்கு என்ன மிஞ்சும்? அவனை அனுப்ப வீட்டு உறுதியை ஈடு வைத்தோம், வட்டி ஏறிக்கொண்டே போகிறது. — ஒரு சகோதரி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, முதலில் மூச்சை விடுங்கள். லீன் என்றால் வழக்கில் வரும் காசின் மேல் லோயர் தன் கூலிக்காகக் கோரும் பற்றுரிமை. இரண்டு பேருக்கும் தனித்தனியாக மூன்றிலொன்று கொடுக்க வேண்டியதில்லை. நியூயோர்க்கில் இப்படியான வழக்குகளில் கூலி ஒன்றுதான், அந்த ஒன்றைத்தான் அவர்கள் இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். வழமை அதுதான். தம்பி இரண்டாவது லோயருடன் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் "முன்னைய சட்டத்தரணிக்குரியது என் கூலிக்குள்ளிருந்தே போகும்" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். ஃபோனில் சொன்னால் போதாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம்முடைய கரைவலைக் கணக்கு உங்களுக்குத் தெரியும்தானே. செலவைக் கழித்த பிறகுதான் சம்மாட்டிக்கும் வலை இழுத்தவர்களுக்கும் பங்கு. அங்கேயும் விபத்து வழக்கில் வழமையாக அப்படித்தான். வழக்குக்கு இலக்கம் வாங்க நீதிமன்றத்துக்குக் கட்டிய 210 டொலர், வைத்தியர் அறிக்கை, சாட்சிய எழுத்து என்று எல்லாச் செலவும் சேர்த்து 6,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 180,000 இல் அதைக் கழித்தால் 174,000. அதில் மூன்றிலொன்று 58,000, அது லோயர் கூலி. தம்பிக்கு 116,000. இப்போது முதல் லோயர் செய்த வேலைக்கு அந்தக் கூலியில் 40 வீதம் என்று நீதிபதி சொன்னால் அவருக்கு 23,200, இரண்டாமவருக்கு 34,800. தம்பியின் 116,000 அசையாது. அவர்கள் எப்படிப் பிரித்தாலும் அசையாது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். முதல் லோயர் தான் கைக்காசு போட்ட செலவையும் கேட்பார், அது நியாயம். ஆனால் அதே செலவு இரண்டாமவரின் கணக்குத்தாளிலும் இன்னொரு தரம் ஏறிவிடக் கூடாது. வழக்கு இலக்கம் ஒரே ஒரு தரம்தான் வாங்கப்பட்டது. நான் தட்டச்சு செய்த தாள்களிலேயே இந்த இரட்டைப் பதிவைச் சில தரம் பிடித்திருக்கிறேன். களவு என்று சொல்லமாட்டேன், பழைய கோப்பிலிருந்து பார்த்து எழுதும்போது வருகிற பிழை. ஆனால் பிழையால் போனாலும் அது தம்பியின் காசுதான்.

சரி, அவருக்கு லீன் போட உரிமை இருக்கிறதா? இருக்கிறது. நியூயோர்க் நீதித்துறைச் சட்டத்தின் 475 ஆம் பிரிவு, வழக்குத் தொடங்கிய நேரத்திலிருந்தே சட்டத்தரணிக்குக் கட்சிக்காரரின் வழக்கின் மேல் ஒரு பற்றுரிமை கொடுக்கிறது. வழக்கில் கிடைக்கும் காசு யார் கையில் இருந்தாலும் அந்த உரிமை அதன் கூடவே போகும். அதேநேரம் கட்சிக்காரர் எப்போது வேண்டுமானாலும் சட்டத்தரணியை மாற்றலாம். 1916 இல் மார்ட்டின் எதிர் காம்ப் என்ற வழக்கில் அந்த மாநிலத்தின் உச்ச மேன்முறையீட்டு மன்றம் இதை உறுதியாகச் சொன்னது: கட்சிக்காரர் மாறியது ஒப்பந்த மீறல் இல்லை, பழைய சட்டத்தரணி தான் செய்த வேலையின் பெறுமதியைத்தான் கேட்கலாம், முழு மூன்றிலொன்றையும் கேட்க முடியாது. பிரச்சினை பழையவருக்கும் புதியவருக்கும் இடையில் என்றால் பழையவர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். செய்த வேலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அல்லது கடைசியில் வருகிற கூலியில் ஒரு வீதம். 1989 இல் வந்த செங் எதிர் மொடான்ஸ்கி தீர்ப்பு அது. பெரிய வழக்குகளில் பழையவர்கள் பெரும்பாலும் வீதத்தைத்தான் கேட்பார்கள்.

தக்க காரணத்தோடு நீக்கியிருந்தால் பழையவருக்கு ஒன்றுமே இல்லை. கூலியும் போகும், லீனும் போகும். அதைக் கேட்டவுடன் "ஃபோன் எடுக்கவில்லை, அது போதாதா" என்று நீங்கள் நினைப்பீர்கள். கஷ்டம், தங்கச்சி. தவணையைத் தவறவிட்டார், வழக்கைத் தூங்க விட்டார், காசில் கை வைத்தார் என்ற மாதிரி ஏதாவது இருந்தால் சரி. வெறுமனே மனக்கசப்பு, தொடர்பு சரியில்லை என்பதை நீதிமன்றம் பெரும்பாலும் தக்க காரணமாக எடுக்காது. அதற்காக ஒரு வருடம் சண்டை பிடிப்பதால் தம்பிக்குப் பலனும் இல்லை, ஏனென்றால் அந்தக் கூலி எப்படியும் இரண்டாமவருக்குத்தான் போகப் போகிறது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னேரங்களில் ஒருவர் வந்து சுவரோரம் உட்கார்ந்திருப்பார். நம்மவர், டாக்ஸி ஓட்டுபவர். எங்களிடம் வர முன்பு வேறு அலுவலகத்தில் முடிந்த வழக்கு. இரண்டு லோயர்கள் கூலிக்குச் சண்டை, அவருடைய பங்கு உட்பட முழுக் காசும் பதினொரு மாதம் ஒரு கணக்கில் கிடந்தது. வட்டிக்கு எடுத்த காசில் வாடகை கட்டினார். சண்டை இல்லாத பங்கை மட்டும் முதலில் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் அதைச் சொன்னபோது அவர் கோபப்படக்கூட இல்லை, சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

தம்பி செய்ய வேண்டியது இது. அவருடைய லோயருக்கு ஒரு கடிதம், மின்னஞ்சலாக இருந்தாலும் சரி: "58,000 டொலரில்தான் உங்கள் இருவருக்கும் பிணக்கு. அதை எஸ்க்ரோ கணக்கில் வைத்திருங்கள். பிணக்கில்லாத என் பங்கை இப்போது எனக்குத் தாருங்கள்." எஸ்க்ரோ என்றால் பிணக்குத் தீரும்வரை காசை ஒதுக்கி வைக்கும் கணக்கு. கட்சிக்காரருக்குச் சேர வேண்டிய காசை அவர் கேட்டவுடன் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டத்தரணிகளின் ஒழுக்க விதி. பிணக்கில் இருக்கும் பகுதியை மட்டும்தான் பிடித்து வைக்கலாம். காப்புறுதிக் கம்பனி காசோலையில் பழைய லோயரின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கக்கூடும், அப்போது அவர் கையெழுத்து இல்லாமல் வங்கி மாற்றாது. அந்த நிலைமையில் இரண்டு லோயர்களும் ஒரு தாளில் கையெழுத்து வைத்து, காசோலையை எஸ்க்ரோவில் போட்டு, கூலியை மட்டும் அங்கே விட்டுவிட்டுத் தம்பியின் பங்கை விடுவிக்கலாம். மறுத்தால் வழக்கை விசாரித்த நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். லீன் எவ்வளவு என்று தீர்மானிப்பதும் அந்த நீதிமன்றம்தான்.

காசு இன்னும் காப்புறுதிக் கம்பனியிடமே நிற்கிறதென்றால் அது வேறு கதை. இந்த விபத்துக்காக இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்ற விடுதலைப் பத்திரத்தில் தம்பி கையெழுத்து வைத்து, வழக்கை நிறுத்தும் தாளோடு ஒப்படைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அவர்கள் கட்ட வேண்டும். எதிராளி மாநகரசபை மாதிரி என்றால் 90 நாள். அந்தத் தாள் எந்தத் திகதியில் போனது என்று கேளுங்கள். எல்லோரும் "லீன், லீன்" என்று சொல்லிக்கொண்டிருக்க, தாள் போகாமலே மேசையில் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தம்பி வேலை நேரத்தில் அடிபட்டவரா? சாப்பாடு கொண்டுபோகும் வேலையா? அப்படியென்றால் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியும் வைத்தியச் செலவுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கக்கூடும். அதையும் லீன் என்றுதான் சொல்வார்கள், ஆனால் லோயருடைய லீன் இல்லை. அது தம்பியின் பங்கைத் தொடும். நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். அப்படி இருந்தால் மேலே நான் போட்ட 116,000 குறையலாம். ஈடு மீட்கும் திகதியை வங்கியிடம் சொல்ல முன்பு இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மச்சானுக்கும் நியூயோர்க்கில் விபத்து. காப்புறுதிக்காரர் நேராகவே பேசுகிறாராம். லோயருக்குத் தெரியாமல் முடித்தால் அந்த மூன்றிலொன்று மிச்சம்தானே? — நிலாவெளி வாசகர்

பதில்: மிச்சமாகாது தம்பி. இணக்கத்துக்குப் போவதா இல்லையா என்பதை முடிவு செய்யும் உரிமை மச்சானுக்குத்தான், லோயருக்கு இல்லை. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நான் மேலே சொன்ன 475 ஆம் பிரிவு இதைத்தான் நேரடியாகச் சொல்கிறது: கட்சிக்காரர்கள் தங்களுக்குள் செய்யும் எந்த இணக்கமும் அந்த லீனை அழிக்காது. 2012 இல் திருத்திய பிறகு, வழக்குப் பதியாமல் பேச்சுவார்த்தை மட்டும் நடந்திருந்தாலும் அது பொருந்தும். லீன் இருப்பது தெரிந்துகொண்டே காப்புறுதிக் கம்பனி முழுக் காசையும் மச்சான் கையில் கொடுத்தால், லோயர் அந்தக் கம்பனியிடமும் தன் பங்கைக் கேட்கலாம். கடைசியில் வழக்கு மச்சான் வாசலுக்கும் வரும். அப்புறம் இன்னொன்று, நேராகப் பேசுகிறவர் முதலில் சொல்லும் தொகை அநேகமாகச் சின்னத் தொகைதான். மச்சானுக்குக் கூலி கூடுதல் என்று மனக்குறை இருந்தால் லோயரிடமே கேட்கட்டும். பிணக்கு 1,000 டொலருக்கும் 50,000 டொலருக்கும் இடையில் என்றால் அங்கே கூலிப் பிணக்குக்கென்றே நடுத்தீர்ப்பு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கட்சிக்காரர் கேட்டால் லோயர் அதற்கு வந்தே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் காணி வழக்கு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. இப்போது சட்டத்தரணி பேசியதைவிடப் பெரிய தொகை கேட்கிறார். வெளிநாட்டில் மாதிரி இங்கேயும் மூன்றிலொன்றா? — சாம்பல்தீவு வாசகி

பதில்: அந்த மூன்றிலொன்றை இங்கே கொண்டுவந்து பொருத்தாதீர்கள், அம்மா. அது அந்த ஊர் விதி. இங்கே உங்களுக்கு வேறொரு பாதுகாப்பு இருக்கிறது. நம்முடைய குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, சட்டத்தரணி தன் கூலிக்கு உங்கள் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் முதலில் கையொப்பமிட்ட விவரப் பட்டியலை உங்களிடம் கொடுத்து, ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். ஆகவே வாய்ப்பேச்சில் தொகை சொன்னால் மரியாதையாக, "ஐயா, பட்டியலாக எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. இதுவரை கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டுகள் இருந்தால் திகதி வரிசையில் அடுக்குங்கள், இல்லையென்றால் எந்தத் தவணையில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பட்டியல் கையில் வந்த பிறகு அதையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு திருகோணமலையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். சமரசத் தீர்ப்பின் பிரதியும் கூடவே இருக்கட்டும், அதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.